வெட்டிய கொடி ஏன் திரும்பி வருகிறது?

கேரளத்தில் ஒரு கொடிக்குத் ‘திருதராஷ்டிரப் பச்சை’ என்று பெயர். போர் முடிந்தபின் வீமனை ஆரத் தழுவ விரும்புவதாகக் கைநீட்டிய திருதராஷ்டிரன், கண்ணன் குறுக்கே நிறுத்திய இரும்புப் பதுமையை இறுக்கி நொறுக்கிய கதை நமக்குத் தெரிந்ததுதான். அணைத்தே கொல்லும் கொடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தத் தாவரவியலாளரும் வைத்திருக்க முடியாது. ஏட்டில் அதன் பெயர் மிக்கானியா மைக்ராந்தா. பிறந்த மண் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். இந்தியாவின் வடகிழக்குக்கு அது வந்தது 1940களில். இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளங்களை மறைக்கக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு சாரார் சொல்ல, தேயிலைத் தோட்டங்களில் மண்ணை மூடிக் காக்கக் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள் மறு சாரார். எந்தக் கதை சரியானாலும், வேண்டாத விருந்தாளியாக அது நுழையவில்லை. அழைப்பின் பேரில்தான் வந்தது. இன்று கூடலூர், வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களிலும் காட்டு ஓரங்களிலும் மழைக்காலத்தில் அது ஒரே நாளில் 8 செ.மீ. வரை நீளும். ஆங்கிலத்தில் அதற்கு ‘நிமிடத்துக்கு ஒரு மைல்’ என்று பட்டப்பெயர். மிகைதான், ஆனால் பலாமரத்தையே மூடி நிற்பதைப் பார்த்தவர்கள் அந்த மிகையை மன்னித்துவிடுவார்கள்.

சமவெளி வீடுகளில் ஆட்கள் வேறு. இளஞ்சிவப்புப் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும் கொடி ரோஜா மெக்சிகோவைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் ஆன்டிகோனான் லெப்டோபஸ். இருப்புப்பாதை ஓரங்களில் ஐந்து விரல் விரித்தாற்போன்ற இலையும் வெளிர் ஊதாப் பூவுமாகப் படர்கிறதே, அது இன்னொன்று. நகரத்து வீடுகளின் சுற்றுச்சுவரில் பச்சைக் கம்பளம்போல் ஒட்டி ஏறும் குட்டி இலைக் கொடி மூன்றாவது. அது கிழக்காசியாவிலிருந்து வந்த ஓர் அத்தி. இவை எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. பொங்கலுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ முன்னால் ஓர் ஆளைக் கூப்பிட்டு, ஒரு நாள் கூலி கொடுத்து, அரிவாளால் எல்லாவற்றையும் அறுத்து எறியச் சொல்கிறோம். தோட்டம் பளிச்சென்றாகிவிடுகிறது. அடுத்த மழைக்கு அதே இடத்தில், சில சமயம் முன்பைவிட அடர்த்தியாக, கொடி எழுந்து நிற்கிறது. ‘என்ன வெட்டினாலும் சாகமாட்டேங்குது’ என்று சலித்துக்கொள்கிறோம். உண்மையில் அதைச் சாகடிக்கும் வேலையை நாம் தொடங்கவே இல்லை. வருடத்துக்கு ஒருநாள் செலவிடும் பெரிய உழைப்பு வீண். அதே உழைப்பைச் சிறு துண்டுகளாக்கி ஆண்டு முழுவதும் செலவிட்டால் கொடி தோற்கும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

காரணம் கொடியின் உடம்பிலேயே இருக்கிறது. மரம் வெளிச்சத்தை எட்டுவதற்குத் தன் காலில் நிற்க வேண்டும்; சம்பாதிப்பதில் பெரும்பங்கை அடிமரத்தைப் பருக்க வைப்பதில் போடுகிறது. கொடிக்கு அந்தச் செலவு இல்லை. மாமரமோ முருங்கையோ கம்பி வேலியோ தாங்கிப் பிடிக்கும்போது, மிச்சமாகும் முதலை எல்லாம் நீளத்திலும் இலையிலும் போடுகிறது, போக மீதியைச் சேமிக்கிறது. கொடி ரோஜாவின் சேமிப்பு மண்ணுக்கடியில் கிழங்குகளாக இருக்கிறது. மிக்கானியாவுக்குக் கிழங்கு கிடையாது. அதன் சேமிப்பு ஒவ்வொரு கணுவிலும் சிதறிக் கிடக்கிறது. தரையைத் தொடும் கணு ஒவ்வொன்றும் வேர்விட்டுத் தனிச் செடியாகிவிடும். ஆக, மேலே காணும் பச்சைப் போர்வை கொடியின் வருமானம் மட்டுமே. அரிவாள் அந்த வருமானத்தைத்தான் ஒரு முறை பறிக்கிறது. வருமானத்தை இழந்த கொடி சேமிப்பை எடுத்துச் செலவழித்துப் புதுத் துளிர் விடுகிறது. துளிர் விட்ட முதல் சில நாட்கள் அதற்கு முழு நஷ்டம். இலை விரிந்து முதிர்ந்த பிறகுதான் சர்க்கரை கீழ்நோக்கி ஓடத் தொடங்குகிறது. வருடத்துக்கு ஒரு முறை வெட்டுகிறவர் அந்த நஷ்டக் காலம் முடிந்து, லாபக் காலமும் முடிந்து, கிழங்கு பழையபடி கொழுத்தபின் மறுபடி அரிவாளோடு வருகிறார். இதற்குப் பெயர் கொடி வளர்ப்பு.

இது வெறும் கணக்கு அல்ல, வயலில் சோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக் கோதுமை வயல்களைக் கான்வால்வுலஸ் என்னும் கொடிக்களை பிடித்து ஆட்டியது. மண்ணுக்குள் பல அடி ஆழம் வேர்விடும் களை அது. ஹேஸ் என்ற ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தில் 1930களின் பிற்பாதியில் அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை உழுது அறுத்தால் ஒழியும் என்று பார்த்தார்கள். தலைகாட்டியவுடன் அறுப்பதுதான் நல்லது என்று யாருக்கும் தோன்றும். கிடைத்த விடை வேறு. முளை மண்ணைவிட்டு வெளியே வந்து 12 நாள் வளரவிட்டு அறுத்தாலே போதும். அதைவிட அடிக்கடி உழுவதால் கூடுதல் பலன் இல்லை. அந்த 12 நாளும் வேர் தன் கையிருப்பை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் நேரத்தில் இரும்பு குறுக்கே விழுந்தது. இதை இரண்டு பருவங்கள் விடாமல் செய்தபோது களை அடங்கியது. களையின் பெயர் வேறு, மண் வேறு, தட்பவெப்பம் வேறு. ஆகவே 12 என்ற எண்ணை அப்படியே சென்னைக்கோ தஞ்சாவூருக்கோ தூக்கிவர முடியாது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சூத்திரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: கொடியைச் செலவு செய்யவிட வேண்டும், சம்பாதிக்க விடக்கூடாது.

அதே அமெரிக்காவின் தென்பகுதியில் குட்ஸூ கொடியின் கதை இதற்கு எதிர்த்திசைச் சான்று. 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து அழகுக் கொடியாக வந்தது. 1930களில் மண்ணரிப்பைத் தடுக்கும் அருமருந்து என்று அரசாங்கமே கன்றுகளைக் கொடுத்து, நட்ட விவசாயிக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை பணமும் கொடுத்தது. 1953இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கியது. அதற்குள் கொடி கிழங்கு வைத்துவிட்டிருந்தது. முதிர்ந்த குட்ஸூவின் கிழங்கு நூறு கிலோவைத் தாண்டும். நட்டவர்களுக்குச் சில ஆண்டுகள் போதுமாக இருந்தன, பிடுங்குகிறவர்களுக்குத் தலைமுறைகள் ஆகின்றன.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில் எது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டே தரைவரை போய்க் களைக்கொத்தால் கொஞ்சம் தோண்டினால் தெரிந்துவிடும். அடியில் கிழங்கு தட்டுப்பட்டால் ஒரு வழி, சல்லிவேர் மட்டும் இருந்தால் வேறு வழி. சல்லிவேர்க் கொடியை மழைக்கு மறுநாள், மண் நெகிழ்ந்திருக்கும்போது, கையாலேயே வேரோடு இழுத்துவிடலாம். பூப்பதற்கு முன் இழுப்பது முக்கியம், ஏனென்றால் மிக்கானியாவின் விதை பஞ்சு முளைத்துக் காற்றில் பறப்பது. இங்கே அரிவாளைவிடக் கை நல்லது, புல்வெட்டும் எந்திரம் ஆகவே ஆகாது. எந்திரம் ஒரு கொடியை நூறு கணுத் துண்டுகளாக்கி ஈர மண்ணில் தூவிவிட்டுப் போகும். நாற்று நட்டதற்குச் சமம். இழுத்ததை எருக்குழியில் பச்சையாகப் போடக்கூடாது. மொட்டைமாடியிலோ சிமெண்டுத் தளத்திலோ விரித்து, உடைத்தால் சடக்கென்று முறியும் அளவுக்குக் காயவிட்டபின் எருவாக்கலாம். வாய்க்காலில் வீசுவதோ அதைவிட மோசம். கொடி ரோஜாவின் காய் தண்ணீரில் மிதக்கும். அடுத்த தெருவுக்கு நாமே அனுப்பிவைத்ததாக ஆகும்.

கிழங்குக் கொடிக்குப் பொறுமை வேண்டும். மரத்தின்மேல் ஏறியிருந்தால் கீழே இழுக்கக் கூடாது. கிளையோடு முறிந்து வரும், மேலே மின்கம்பி இருந்தால் உயிருக்கே ஆபத்து. முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு, மார்பளவு உயரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்து எறிந்துவிட்டால் மேலே இருப்பது தானே காய்ந்து உதிரும். கீழே இருந்து வரும் துளிருக்கும் பிடித்து ஏறப் பழைய தண்டு கிடைக்காது. மின்கம்பியிலேயே சுற்றியிருப்பது மின்வாரியத்தின் வேலை, அதில் கைவைக்கவே வேண்டாம். அடுத்து, கொடி கிளம்பும் இடங்களில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். சிறு கிழங்கைக் கடப்பாரையால் முழுதாக எடுக்க முடிந்தால் எடுத்துவிடலாம். சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியிலோ செப்டிக் தொட்டிப் பக்கமோ போயிருக்கும் பெரிய கிழங்கை அரைகுறையாகத் தோண்டுவதைவிடப் பட்டினி போடுவது மேல்; உடைந்து மிஞ்சிய துண்டு மறுபடி முளைக்கும். பட்டினி என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குச்சிகளை ஒரு சுற்று சுற்றி வந்து, விரிந்த துளிர்களைத் தரைமட்டத்தில் கத்தரிப்பது. அவ்வளவுதான். ஒரு சுற்றுக்குக் கால்மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 26 சுற்று, மொத்தம் ஆறரை மணி நேரம். ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலையைவிடக் குறைவு. நல்ல நேரம் பார்த்துத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு: கோடையில் காய்ந்தாற்போல் கிடக்கும் கொடி ஐப்பசி மழைக்குத் துளிர்க்கிறதே, அப்போது கிழங்கு பெரும் செலவில் இருக்கிறது. அதுதான் அடிக்கச் சரியான சமயம். நாமோ அது படர்ந்து பூத்துக் குலுங்கிய தை மாதத்தில்தான் விழித்துக்கொள்கிறோம்.

இத்தனை பாடு எதற்கு, களைக்கொல்லியை ஒரு முறை அடித்தால் தீர்ந்ததே என்பவர்கள் உண்டு. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. களைக்கொல்லியில் இரண்டு வகை. பாராகுவாட் போன்றவை தொட்ட இலையை மட்டும் கருக்குபவை. இரண்டே நாளில் தோட்டம் பழுப்பாகிவிடும், வாங்கியவருக்குத் திருப்தி. கிழங்கு அப்படியே இருக்கும். அரிவாள் செய்த வேலையைத்தான் நஞ்சும் செய்தது. அதுவும் எப்படிப்பட்ட நஞ்சு! வாயில் கொஞ்சம் போனாலும் முறிவு மருந்து கிடையாது. கிளைஃபோசேட் வேறு வகை. இலை வழியாக இறங்கி வேர்வரை போகும். குட்ஸூ போன்ற பெருங்கொடிகளை அடக்குவதில் இவ்வகை மருந்துகளுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் அவையும் ஒரே தடவையில் முடிப்பதில்லை. மறுபடி மறுபடி வந்து துளிர்களைக் கவனிக்கத்தான் வேண்டும். திரும்பி வரும் வேலையிலிருந்து விடுதலை என்பதுதான் விற்பனையின் கவர்ச்சி, அது கிடைப்பதில்லை. தவிர, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைஃபோசேட்டை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வரிசையில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆணை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாக அல்லாமல் யாரும் கிளைஃபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கீரைப்பாத்தியும் கிணறும் குழந்தைகளும் ஒரே சதுரத்துக்குள் இருக்கும் வீட்டில் முகக்கவசம்கூட இல்லாமல் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. உப்பைக் கொட்டுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, கழிவறை ஆசிடைக் கவிழ்ப்பது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துச் செம்பருத்தி சாகும், மண் கெடும், கிழங்கு பிழைக்கும்.

ஆடு விட்டால் என்ன? அமெரிக்காவின் சட்டனூகா நகரத்தில் 2006இல் குட்ஸூ மேய ஆடுகளை மலைச்சரிவில் விட்டார்கள். அடிக்கடி மேய்ந்தால் பட்டினிதானே, சூத்திரம் பொருந்துகிறது. ஆனால் ஆட்டுக்குக் களை எது, கறிவேப்பிலை எது என்று தெரியாது. வீட்டுத் தோட்டத்தில் அது முதலில் எதை முடிக்கும் என்பது ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். இயற்கை எதிரியை இறக்கிவிடுவது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மிக்கானியாவை மட்டும் தாக்கும் ஒரு துரு நோய்ப் பூஞ்சையை அதன் தாயகத்திலிருந்து கொண்டுவந்து 2005இல் அசாமிலும் 2006இல் கேரளத்திலும் விட்டார்கள். இங்கே அது நிலைக்கவில்லை. அதே பூஞ்சை பாப்புவா நியூ கினியிலும் ஃபிஜியிலும் நன்றாகப் பரவிக் கொடியை வதைக்கிறது. நல்ல முயற்சிதான், தொடர வேண்டியதும்கூட; ஆனால் அது அரசும் ஆய்வகமும் செய்ய வேண்டியது. வீட்டுக்காரர் காத்திருந்து பலனில்லை.

இன்னொரு மறுப்பு மென்மையானது, அதனாலேயே பதில் சொல்லக் கடினமானது. வெயில் கொளுத்தும் ஊரில் ஏதோ ஒரு பச்சை இருக்கிறது, தேனீ வருகிறது, அதையும் ஏன் அழிக்க வேண்டும்? கொடி ரோஜாவுக்குத் தேனீ வருவது உண்மை. ஆனால் அது மூடிய முருங்கையில் பூ குறைவதும், காற்றடித்தால் பாய்மரம்போல் புடைத்துக் கிளையை முறிப்பதும் உண்மைதான். தேனீக்காகக் கவலைப்படுகிறவர் முருங்கையைக் காப்பாற்றினாலே போதும். அதன் பூவில் தேனீ மொய்ப்பதை எண்ணி மாளாது. துளசியும் தும்பையும் முதலில் வைத்துவிட்டு, கொடியைப் பகுதி பகுதியாக எடுக்கலாம். இதில் வெளிநாட்டுச் செடி என்ற வெறுப்புக்கு இடமில்லை. நம் வேலியில் சாதுவாகக் காய்த்து, கிளிக்கும் நமக்கும் தீனி போடும் கோவைக்கொடி ஹவாய்த் தீவுகளில் மரங்களையும் மின்கம்பங்களையும் மூடிய பெருங்களை. அதை அடக்க 1996இல் கென்யாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள், 1999இல் கூன்வண்டுகளை. இங்கே கோவையைத் தின்னும் பூச்சிகளும் நோய்களும் உண்டு, அங்கே இல்லை. ஆகவே கொடியின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதைவிட நடத்தையைப் பார்ப்பதுதான் நியாயம். தாங்கியைக் கொல்கிறதா, நாம் நடாத இடத்தில் முளைக்கிறதா, வெட்டினால் பெருகுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது எந்த ஊராக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். போன இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த விதை வந்து உட்காரும். அங்கே அவரையோ புடலையோ முல்லையோ படரட்டும்.

சுவரில் ஒட்டும் அத்தியின் வழி வேறு. அது பிடிப்பது பற்றுக்கம்பியால் அல்ல, பசையால். கொடிகளை ஆராய்ந்து 1865இல் நீண்ட கட்டுரை எழுதிய சார்லஸ் டார்வின், இந்த அத்தியின் சிறுவேர்களைக் கண்ணாடித் துண்டில் படியவைத்து, அவை பசைத்துளிகளைக் கசிவதைக் கண்டு குறித்திருக்கிறார். உயிரோடு இருக்கும்போது பிய்த்தால் அந்தப் பசை சுண்ணாம்பையும் பூச்சையும் சேர்த்துக்கொண்டு வரும். அடியில் வெட்டிவிட்டு, முழுதும் காய்ந்தபின் சுவரை நனைத்துக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதுதான் சுவருக்கு நல்லது. அடித்தண்டு துளிர்த்தால் மேலே சொன்ன இரண்டு வாரச் சுற்று இதற்கும் பொருந்தும்.

பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கிறாரே, நாம் வெட்டி என்ன பயன் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அங்கிருந்து வருவது இரண்டே வழியில்: சுவர் தாண்டும் தண்டு, பறந்தோ மிதந்தோ வரும் விதை. விதையிலிருந்து முளைத்த இளஞ்செடிக்குக் கையிருப்பு இல்லை. இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். சுவர் ஓரமாக ஒரு மீட்டர் அகலத்துக்கு எதுவும் வைக்காமல் நடைவழியாக விட்டால், தாண்டி வரும் தண்டு கண்ணில் பட்டுவிடும். நம்மைத் தோற்கடிப்பது அவர் வீட்டுக் கொடி அல்ல, நம் மண்ணில் ஏற்கெனவே கொழுத்திருக்கும் கிழங்கு. அந்தக் கிழங்கில் சில, நாமே நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வைத்தவை. கொடி ரோஜா இன்றும் பிளாஸ்டிக் பையில் கன்றாக விற்பனைக்கு நிற்கிறது. அடுத்த முறை பூவைப் பார்த்து மயங்கிக் கைநீட்டுவதற்கு முன், விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘இது கிழங்கு வைக்குமா?’